கல்லாறு ஏறிய கார்புரேட்டர்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். கல்லாறு, பர்லியார், குன்னூர் என்று ஏறி ஊட்டி போய்ச் சேர 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது அடைப்பதோடு சரி. எஞ்சினுக்கு அது பெரிய விஷயம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மெலிந்தால் அந்தக் கணக்கு முழுவதும் தப்பிப் போகும்.

கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வருவதற்கு முன்னால் இந்தக் கணக்கை மனிதர்கள் போட்டார்கள். ஸ்பார்க் பிளக்கின் நிறம், சைலன்சரின் புகை, ஐடிலிங்கில் எஞ்சின் எழுப்பும் சத்தம், இவற்றை வைத்தே காற்றை எடைபோட்டு வண்டியைச் சரிசெய்கிற மெக்கானிக்குகள் மலையடிவாரத்திலும் மலைமேலும் இருந்தார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். மேட்டுப்பாளையத்தில் அவர் வைத்திருந்த பட்டறையில் தொழில் கற்று, அதையே என் பிழைப்பாக்கிக்கொண்டவன் நான். நீலகிரி என்றால் தேயிலையைப் பற்றி எழுதுகிறார்கள், ரயிலைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தச் சாலையில் ஏறிய வண்டிகளுக்கு மூச்சு கொடுத்த கைகளைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாலை முதலில் வந்தது

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். அதன்பின் ஆங்கிலேயர்கள் வெயிலுக்குப் பயந்து வரிசையாக மேலே போகத் தொடங்கினார்கள். 1830-களின் தொடக்கத்தில் லெ ஹார்டி என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் குன்னூர் வழியாக ஒரு பாதை அமைந்தது. அது செங்குத்தான பாதை. வண்டி மாடுகள் பாரம் இழுத்து ஏறக்கூடிய சாய்வில், வளைந்து வளைந்து போகும் புதிய சாலை அந்த நூற்றாண்டின் பின்பாதியில்தான் வந்தது. அதை அமைத்த கர்னல் லாவின் பெயர்தான் குன்னூருக்குக் கீழே சாலையோரம் விழும் லாஸ் அருவிக்கு நிலைத்திருக்கிறது.

மாட்டு வண்டிக்காகப் போட்ட அந்தச் சாய்வுதான் பிற்காலத்தில் மோட்டார் எஞ்சின்களின் சோதனைக் களமாக ஆனது. சாய்வு மிதமானது, ஆனால் ஓய்வே கிடையாது. கல்லாறு தாண்டினால் குன்னூர் வரைக்கும் ஏற்றம்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் சுத்தமாகச் செத்து, மறுபடி இரண்டாவது கியரில் இழுக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்து ரேடியேட்டர் ஆறும் அளவுக்கு வேகமும் வராது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை இன்னும் கடுமையானது. அதில் 36 வளைவுகள். ஆனால் அங்கே போகிற வண்டி குறைவு. சீசன் கூட்டம் முழுவதும் எங்கள் ஊர் வழியாகத்தான் ஏறியது.

இடையில் ரயில் வந்தது. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும். பல்சக்கரத்தைப் பிடித்து 12 அடிக்கு 1 அடி ஏறும் அந்த நீராவி எஞ்சினை மெலிந்த காற்று பெரிதாக வாட்டுவதில்லை. அதன் பலம் கொதிகலனில் இருக்கிறது. சிலிண்டருக்குள்ளேயே காற்றையும் எண்ணெயையும் கலந்து எரிக்கிற மோட்டார் எஞ்சின்தான் உயரத்துக்குக் கட்டுப்பட்டது. மலை ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓடிய மோட்டார் வண்டிக்கு மட்டும் காற்று தெரிந்த மெக்கானிக் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

காற்றுக்கு எடை உண்டு

உயரம் ஏறினால் காற்று குறையும் என்பது மோட்டார் வண்டிக்கு வெகுகாலம் முந்திய அறிவு. 1648-இல் பிரான்ஸில் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்கா கணவர் பெரியே, ப்யூய் த தோம் என்ற மலையில் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சுமார் 1,000 மீட்டர் ஏற்றத்தில் பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியது. நம் தலைமேல் இருக்கும் காற்றுக்கு எடை இருக்கிறது, மேலே போகப் போக அந்த எடை குறைகிறது என்பது அன்றைக்கு நிரூபணமாயிற்று.

1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், பெட்ரோலைத் துளை வழியாகத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். அதன் தத்துவம் இன்றும் வியப்பைத் தருவது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான கழுத்தைக் கடக்கிறது. அங்கே வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோல் எழுந்து காற்றோடு கலக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும். மின்சாரமோ கணிப்பானோ இல்லாமல் ஒரு பித்தளைத் துளையே அளந்துகொடுக்கிறது.

இந்த அளவையில் ஒரு குறை உண்டு. பிஸ்டன் இழுப்பது கொள்ளளவை. ஊட்டியில் இழுக்கும் ஒரு லிட்டர் காற்று, கடலோரத்தில் இழுக்கும் ஒரு லிட்டரைவிட எடை குறைவு. காற்றின் எடை 20 சதவீதம் குறைந்தால், கார்புரேட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஏறத்தாழ 10 சதவீதம்தான் குறையும். மிச்சம் கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். காற்று குறைந்ததால் இழுவை ஒரு பக்கம் போகிறது. பெட்ரோல் மிகுந்து எரியாமல் கரியாவதால் இன்னொரு பக்கமும் போகிறது. "வண்டி பெட்ரோல் ஓவராகுது" என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்ற கணக்கில் பலம் குறையும். சமவெளியில் 40 குதிரைத்திறன் காட்டும் பிரீமியர் பத்மினி, ஊட்டியில் 32-ஐத் தாண்டினால் பெரிது. அதுவும் ஜெட் சரியாக இருந்தால்தான்.

பட்டறையின் சட்டம்

என் சிறுவயதில் பட்டறைக்கு வந்தவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எஸ்டேட் ஜீப்புகள். பியட்டில் சோலெக்ஸ் கார்புரேட்டர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த அம்பாசடரில் எஸ்.யு. இரண்டுக்கும் சுபாவம் வேறு. சோலெக்ஸில் ஜெட்டுக்கு நிலையான துளை. மாற்ற வேண்டுமானால் ஜெட்டைக் கழற்றி வேறு போட வேண்டும். எஸ்.யு. இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. அவர்களின் குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம். ஆரம்ப கால எஸ்.யு.வில் பிற்காலப் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்தது. எஸ்.யு.வில் கூர்மையான ஊசி ஒன்று ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். அடியிலிருக்கும் அறுகோண நட்டைத் திருகினால் பெட்ரோல் கூடும் அல்லது குறையும். குன்னூரில் நின்றுகூட ஸ்பானரால் சரிசெய்துவிடலாம் என்பதால் டாக்ஸிக்காரர்களுக்கு எஸ்.யு. மேல் தனிப் பிரியம்.

சோலெக்ஸ் ஜெட்டின் மேல் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்லும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். 120 போட்ட வண்டிக்கு 115 போட்டால் துளையின் பரப்பு சுமார் 8 சதவீதம் குறையும். கோடைகால மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே எஞ்சினுக்குத் தேவைப்படும் வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான். அப்பாவுக்கு இந்த வாய்பாடு தெரியாது. அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் "ஊட்டியில இருக்கற வண்டிக்கு ஒரு படி எறக்கு, கண்ணு. ரெண்டு படி எறக்கோணும்னா மொதல்ல ப்ளோட்டப் பாரு" என்பார். பிற்காலத்தில் நான் புத்தகம் பார்த்துக் கணக்குப் போட்டபோது அவருடைய ஒரு படி சரியாக வந்து நின்றது. மிதவையின் மட்டம் உயர்ந்திருந்தாலும் பெட்ரோல் ஓவராகும் என்பதால், அதைப் பார்க்காமல் ஜெட்டில் கை வைக்கக் கூடாது என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. மலைமேல் வாழும் வண்டிக்கு மட்டும்தான் சிறிய ஜெட். எஸ்டேட் ஜீப், வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் வேலை பார்ப்பவர்களின் கார், ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டிலேயே நிற்கும் வண்டி இவற்றுக்கு. இரண்டு நாள் மலர்க் காட்சி பார்த்துவிட்டுத் திரும்பும் வெளியூர்க்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் மாற்ற மாட்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, மேல போனா கருப்பாப் பொகையடிக்குது, இழுக்கவே மாட்டேங்குதுங்க. அந்தச் சின்ன ஜெட்டப் போட்டுக் குடுத்தா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. ரிச்சா ஓடுனா பெட்ரோல் போகும். லீனா ஓடுனா எஞ்சினே போயிரும். நாளைக்கழிச்சு நீங்க திருப்பூர் ரோட்டுல அம்பது மைல் வேகத்துல போவீங்க. அங்க வந்து இத நான் மாத்திக் குடுக்க முடியுமுங்களா?"

அந்தப் பதிலில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. மலைக்கு அளந்த ஜெட்டோடு சமவெளியில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டினால் பெட்ரோல் போதாது. எரிதல் நீண்டு வெப்பம் ஏறும். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரியும். பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழுந்த வண்டிகளும் உண்டு. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெள்ளைவெளேரென்று இருக்கும். மலையில் கரி பிடித்த கறுப்புப் பிளக்கைத் துடைத்துப் போட்டால் தீர்ந்தது. வெள்ளைப் பிளக் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். காப்பி நிற பிளக்தான் எங்கள் எல்லோருக்கும் இலக்கு.

தினமும் மேலே ஏறிக் கீழே இறங்கும் டாக்ஸிகளுக்கு வேறு வழி. ஜெட்டைத் தொடுவதில்லை. ஒரு படி சூடான பிளக் போட்டு, கரி தானாக எரியும்படி பார்த்துக்கொள்வோம். ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும் குன்னூரில் டிரைவரே கால் சுற்று திருப்பிக்கொள்வார். குன்னூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு லெவல் கிராசிங் இருக்கிறது. மலை ரயிலுக்காகக் கேட் போட்டால் ஏறி வந்த வண்டிகள் அத்தனையும் ஐடிலிங்கில் நிற்கும். அங்கேதான் பெட்ரோல் ஓவராகும் வண்டிகள் இருமி, தடுமாறி, அணைந்துபோகும். சீசனில் அந்த இடத்தில் ஸ்பானரோடு நின்ற பையன்களுக்கு நல்ல வருமானம் இருந்தது.

ஈயத்தால் ஜெட்டை அடைத்து ஊசியால் புதிதாகத் துளை போடுகிறவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கோயமுத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரிஜினல் ஜெட் கிடைக்காத மாதங்களில் அது பரவலாக நடந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கான பிறகு, மைலேஜுக்காகச் சமவெளி வண்டிக்காரர்களும் துளையைச் சுருக்கச் சொல்லி வந்தார்கள். அப்பா ஈய வேலையைத் தன் பட்டறையில் அனுமதிக்கவில்லை. துளையின் ஓரம் சொரசொரப்பானால் பெட்ரோல் ஒரே சீராக வராது, அளந்த அளவுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்பது அவர் கருத்து. கழற்றிய ஜெட்டுகளை எண் வாரியாகப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார். எந்த வண்டிக்கு எந்த எண், எந்த ஊரில் ஓடுகிறது, பிளக் என்ன நிறம் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

ஜெட்டைப் போலவே ஸ்பார்க் டைமிங்கும் உயரத்தைப் பொறுத்தது. மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரிகிறது; ஆகவே ஸ்பார்க்கைச் சற்று முன்னால் கொடுக்க வேண்டும். மலைமேல் நாக்கிங் எளிதில் வராது என்பதால் அப்படிக் கொடுக்க இடமும் உண்டு. மலை வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரை ஓரிரண்டு டிகிரி அட்வான்ஸ் வைப்போம். அதே வண்டி விற்பனையாகிக் கீழே வந்தால், முதல் வேலையாக டைமிங்கைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் காரமடை போவதற்குள் கிணுகிணுவென்று நாக் அடிக்கும்.

வெயிலும் மஞ்சும்

உயரம் மாறாதது, வானிலை மணிக்கு மணி மாறும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் தேர்ச்சி இருந்தது.

மே மாதம் மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் 36 டிகிரி வெயில். ஊட்டியில் அப்போது 22 டிகிரி இருக்கலாம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சுமார் 3 டிகிரிக்கு 1 சதவீதம் அடர்த்தி கூடும். ஆகவே மலை 20 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், குளிர் அதில் ஏறத்தாழ ஐந்து சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஜனவரியில் உறைபனி விழும் அதிகாலையில் இன்னும் கூடுதலாகக் கொடுக்கும். மே மாதம் ஊட்டியில் காப்பி நிறமாக இருந்த பிளக், ஜனவரி அதிகாலைகளில் வெளுக்கத் தொடங்கும். அதனால் ஊட்டி வண்டிகளுக்குப் பனிக்காலம் தொடங்கும்போது கலவையை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வார் அப்பா.

மஞ்சு இறங்கினால் ஈரம் எஞ்சினை மூச்சடைக்க வைக்கிறது என்று பலர் நம்பினார்கள். நீராவி காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அளவைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்றில் நீராவியின் பங்கு நூற்றில் நான்குக்கு மேல் போகும். 12 டிகிரி குன்னூர் மஞ்சில் அது இரண்டுக்கும் குறைவு. கோடை மழைக்கு முந்திய புழுக்கத்தில் கீழேதான் ஈரம் அதிகக் காற்றைத் திருடுகிறது. மஞ்சு வண்டியை நிறுத்துவது வேறு இரண்டு வழிகளில். ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் ஈரம் படிந்து கரண்ட் கசிவது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இரண்டாவது வழி விசித்திரமானது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கார்புரேட்டரின் கழுத்தில் வெப்பநிலை 20 டிகிரிகூட இறங்கும். 10 டிகிரி காற்றிலுள்ள ஈரம் அங்கே உறைபனியாகி, த்ராட்டில் தகட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். வண்டி மெல்ல மெல்ல இழுவை இழந்து நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் பானட்டைத் திறந்து பார்ப்பதற்குள் எஞ்சின் சூட்டில் பனி உருகி, ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஸ்டார்ட் ஆகும். காட்டேரிப் பக்கம் மஞ்சில் நின்றுபோன வண்டியைப் பற்றி ஊரில் பேய்க் கதை கட்டுவார்கள். கார்புரேட்டருக்கு அடியில் எக்ஸாஸ்ட் சூடு போகும் வழி கரியால் அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்தால் பேய் ஓடிவிடும்.

வெயிலின் தொல்லை இதற்கு நேர்மாறு. ஏப்ரல் மத்தியானம் கல்லாற்றிலிருந்து இரண்டாவது கியரில் முக்கி ஏறும் வண்டியில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டிக் கொதிக்கும். குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு ஆவியைத்தான் தள்ளும். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பர்லியாரில் டீ குடிக்க நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாததற்குக் காரணம் இதுதான். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, கால் மணி நேரம் பொறுத்தால் கிளம்பும். பழைய டிரைவர்கள் சீட்டுக்கடியில் துண்டும் தண்ணீர் கேனும் இல்லாமல் மலையேற மாட்டார்கள்.

அந்தத் தண்ணீர் கேன் ரேடியேட்டருக்கும் வேண்டும். குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலும் ஊட்டியில் 93-க்கும் கீழேயும் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது. வாஷர் வெடித்திருந்தால் மூடி இருந்தும் பயனில்லை. மலையேறப் போகிறேன் என்று வரும் வண்டியில் அப்பா முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த மூடியைத்தான். பிறகு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்: "காலையில 6 மணிக்குள்ள கல்லாறு தாண்டிருங்க." வெயில், பம்பு, ரேடியேட்டர், காற்றின் அடர்த்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து அது.

டீசலும் டர்போவும்

ஊட்டிக் கேரட்டும் உருளைக்கிழங்கும் எங்கள் ஊர் மண்டிக்கு இறங்குவது லாரியில். டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது; பம்பு ஒவ்வொரு அடிக்கும் குறிப்பிட்ட டீசலைத் தெளிக்கும். காற்று குறைந்தாலும் பம்பு பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். மலையிலேயே ஓடும் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பம்பு மெக்கானிக்குகள் டெஸ்ட் பெஞ்சில் வைத்து டீசல் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். புகை குறைந்தது, வண்டி மெதுவாக ஏறியது.

இதற்கு உண்மையான விடை வேறொரு மலையிலிருந்து வந்தது. 1918-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சியில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் உச்சியில் 230-க்கு விழுந்தது. எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைனைக் கொண்டு காற்றை அழுக்கி ஊட்டியபோது 356 கொடுத்தது. மலை எடுத்துக்கொண்டதை அங்கேயே திருப்பி வாங்க முடியும் என்று அந்தச் சோதனை காட்டியது. இன்று குன்னூர் ஏறும் டர்போ டீசல் வண்டி ஒவ்வொன்றிலும் அந்த வழிமுறைதான் வேலை செய்கிறது. கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்த பஸ்களின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எண்கள் சொல்லும் செய்தி

1983-இன் கடைசியில் மாருதி 800 வந்தது. அதிலும் கார்புரேட்டர்தான். ஆனால் எடை குறைந்த வண்டி என்பதால் மலையில் மற்றவற்றைவிட எளிதாக ஏறியது. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது கார்களில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் அதற்கே மாறிவிட்டன. இன்ஜெக்ஷன் எஞ்சினில் மேப் சென்சார் காற்றழுத்தத்தைப் படிக்கிறது. இன்னொரு சென்சார் காற்றின் வெப்பத்தைப் பார்க்கிறது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எரிந்தது சரிதானா என்று சொல்கிறது. பிளக் நிறத்தில் அப்பா படித்ததை அது நொடிக்கு நொடி படிக்கிறது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். பெட்ரோல் மிச்சம், வளைவுகளில் நின்ற மக்கள் குடித்த புகை குறைவு, வால்வு எரிந்து நடுவழியில் நிற்கும் குடும்பங்கள் குறைவு.

ஆனால் சென்சாரும் பழுதாகும். அப்போது பழைய அறிவு தேவைப்படுகிறது. மலையில் கரும்புகை அடிக்கும் வண்டியை ஸ்கேனரில் மாட்டினால் சில நேரம் எந்தக் குறியீடும் வராது. சென்சார் காட்டும் எண் அதன் எல்லைக்குள் இருப்பதால் கம்ப்யூட்டர் அதை நம்பிவிடும். எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டால், மேப் சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 97 அல்லது 98 கிலோபாஸ்கல்; குன்னூரில் 82-க்குப் பக்கத்தில்; ஊட்டியில் 78-க்குப் பக்கத்தில். ஊட்டியில் நிற்கும் வண்டி 95 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பழைய சில அமைப்புகள் சாவி போடும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைப் பதிந்துகொள்ளும். அப்படிப்பட்ட வண்டியைக் குன்னூரில் ஒருமுறை அணைத்து ஸ்டார்ட் செய்தாலே மிச்ச ஏற்றத்துக்குத் தெளிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் மட்டும் போதாது. தான் நிற்கும் இடத்தில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் தொழில் கற்க வரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் முதல் வாரத்தில் இரண்டு வேலை கொடுக்கிறேன். ஒரு பழைய சோலெக்ஸைப் பிரித்து மறுபடி பூட்டச் சொல்கிறேன். பெட்ரோலும் காற்றும் எங்கே சந்திக்கின்றன என்று விரலால் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை. பிறகு அப்பாவின் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு ஜெட் எண்ணுக்கும் எதிரே அந்த ஊரின் கிலோபாஸ்கல் கணக்கை எழுதச் சொல்கிறேன். இரண்டு வரிசையும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் பிடிபடுகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்படிப்பட்ட நோட்டுகள் இருந்தால் வாங்கிப் பிரதி எடுத்து, தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடமாக வைக்க வேண்டும். மலையேறும் வண்டி இருக்கும் வரைக்கும் அந்தக் கணக்கு செல்லுபடியாகும்.